எண்ணூற்று அறுபது பேரும் ஒரு கிழவரும்

கேள்வி: ‘உலகிலேயே முதலில் வைத்தியர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தவர்கள் அரேபியர்கள்தான், பத்தாம் நூற்றாண்டிலேயே போலி டாக்டர்களை ஒழித்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

பதில்: பரீட்சை நடந்தது உண்மை. பட்டமும் ஒழிப்பும் அனுப்பியவர் தூவிய மசாலா.

கி.பி. 931. பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி இறந்துபோனார். விஷயம் ஆட்சியாளரான கலீஃபா அல்-முக்ததிரின் காதுக்குப் போனது. தன் அரண்மனை வைத்தியர் ஸினான் இப்னு ஸாபித் சோதித்துப் பார்த்துச் சம்மதம் தராமல் இனி எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கலீஃபா உத்தரவு போட்டார். நகரின் நடுவே ஓடும் டைக்ரிஸ் ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் 860-க்கும் மேற்பட்டவர்கள் வந்து நின்றார்கள். பெயர் பெற்றவர்களுக்கும் அரண்மனை வைத்தியர்களுக்கும் விலக்கு. (அங்கேயுமா என்கிறீர்களா? அங்கேயும்தான்.)

வந்தவர்களில் ஒருவர் நன்றாக உடுத்திய, கம்பீரமான பெரியவர். ஸினான் மரியாதையாக உட்கார வைத்து, ‘உங்கள் ஆசிரியர் யார்?’ என்று கேட்டார். பெரியவர் சட்டைக் கையிலிருந்து பொற்காசுப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்தார். எழுதப் படிக்கச் சரியாக வராது, குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, சின்ன உபாதை தவிர வேறெதற்கும் சிகிச்சை என்று ரத்தத்தை வெளியேற்றவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது என்று நிபந்தனை போட்டு அனுப்பினார். ‘ஆயுசு முழுக்க அப்படித்தான். சிகஞ்சபீன், ஜுலாப் தாண்டியதே இல்லை’ என்றாராம் கிழவர். ஒன்று வினிகரும் இனிப்பும் கலந்த பானம்; மற்றது சர்க்கரைப் பாகு. நம்மூர் சுக்குக் கஷாயம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதிவைத்தவர் 13-ஆம் நூற்றாண்டின் இப்னு அல்-கிஃப்தி. கொஞ்சம் மெருகேறியிருக்கலாம்.

சரி, பட்டம்? மாணவன் ஆசிரியரிடம் ஒரு நூலைப் படித்து முடித்தால், அந்த நூலுக்கு அவர் தரும் அனுமதிதான் இஜாஸா. கொடுப்பவர் ஆசிரியர், கல்லூரியோ அரசோ அல்ல. தொழில் பழகியது நோயாளி அருகில். அக்காலத்தின் பேர்பெற்ற வைத்தியர் அல்-ராஸியைச் சுற்றி மாணவர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியை முதலில் வெளிவட்டம் விசாரிக்கும். அவர்களுக்குப் பிடிபடாவிட்டால் உள்வட்டம். அவர்களும் கைவிரித்தால்தான் ராஸி வாய் திறப்பார். எனக்கு அந்த 860-ஐவிட இந்த வட்டங்கள்தான் பெரிய சாதனையாகப் படுகின்றன.

பரீட்சைக்குப் பாடத்திட்டமும் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சந்தை அதிகாரிகளுக்காக அல்-ஷைஸரி எழுதிய கையேட்டின்படி, கண் வைத்தியரை, 9-ஆம் நூற்றாண்டு வைத்தியர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் கண் நூலை வைத்துச் சோதிக்க வேண்டும். எலும்பு கட்டுபவர் மனித உடலில் 248 எலும்புகள் என்று தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கணக்கு 206. அன்றைக்கு 206 என்று சரியாகச் சொன்னவர் ஃபெயில்.

அப்புறம், அந்தக் கிழவர் கதை பாதியில் நிற்கிறது. மறுநாள் ஒரு இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்றதற்கு ‘அப்பாவிடம்’ என்றான். அப்பா யார்? நேற்று வந்த கிழவர். ‘அவர் வழியையே பின்பற்று, தாண்டாதே’ என்று ஸினான் அவனையும் அனுப்பிவிட்டார். ஸினானும் பேர்போன அறிஞர் ஸாபித் இப்னு குர்ராவின் மகன்தான்.