வெட்டி வேலை

கேள்வி: எனக்கு 68 வயது. கை நகங்களில் நீளவாக்கில் கோடு கோடாக விழுகிறது. கால் கட்டைவிரல் நகமோ மஞ்சள் பூத்து, கட்டை மாதிரி தடித்து, நகவெட்டியின் வாய்க்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. 'வெட்டியாக உட்கார்ந்திருந்தால் இதெல்லாம்தான் கண்ணில் படும்' என்கிறாள் மனைவி. இது நோயா, வயசா?
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், கும்பகோணம்.

பதில்: முதலில் அந்த 'வெட்டி'யைக் கவனிப்போம். நகம் எங்கும் ஓடிவிடாது.

சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. அதாவது வெட்டி சும்மா இருந்தவன் வேலை அல்ல, உழைத்தும் காசைக் கண்ணில் பார்க்காதவன் வேலை. அந்தச் சொல் எப்படியோ உருண்டு வந்து ஈஸிசேரில் சாய்ந்திருப்பவன் தலையில் ஏறிக்கொண்டது. கரண்ட் பில் கட்டுவது, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, சிலிண்டர்காரருக்காக வாசலில் காவல் இருப்பது என்று சம்பளமில்லாமல் ஓடும் நீங்கள் அசல் சோழர் கால வெட்டி. சோழ நாட்டிலேயே குடியிருக்கிறீர்கள், பெருமைப்படலாம். ஆனால் கல்வெட்டுக் கணக்குப்படி பார்த்தால், இத்தனை வருஷம் உங்களுக்குச் சமைத்துப் போட்ட வீட்டம்மாதான் பெரிய வெட்டி. இதை அவரிடம் படித்துக் காட்டுவதானால் கொஞ்சம் தள்ளி நின்று படியுங்கள்.

நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இளப்பமான காரியம் இல்லை. வில்லியம் பீன் என்று ஒரு அமெரிக்க டாக்டர், அயோவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். தன் இடது கைப் பெருவிரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கீறல் போடுவார். அது நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வைப்பார். மறுபடி கீறல், மறுபடி குறிப்பு. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை. 35 வருஷம்! 1980-ல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். 32 வயதில் அவருடைய நகம் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்தது. 67 வயதில் 0.095 மில்லிமீட்டர். அவ்வளவுதான் முடிவு. திருமதி பீன் என்ன சொன்னார் என்பது கட்டுரையில் இல்லை.

இந்தக் கணக்கை நம் ஊருக்கு இழுத்து வருகிறேன். பெருவிரல் நகம் 15 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 32 வயதுக்காரருக்கு அது அடியிலிருந்து நுனி வரை புதுசாக வளர ஏறக்குறைய 4 மாதம். 67 வயதுக்காரருக்கு 5 மாதத்துக்கு மேல். இப்போது ஓட்டுச் சாவடிக்கு வாருங்கள். இடது கை ஆட்காட்டி விரலில் நகமும் தோலும் சேரும் இடத்தில் மை வைக்கிறார்கள். மைசூரில் கர்நாடக அரசுத் தொழிற்சாலையில் தயாராகும் மை, 1962 பொதுத் தேர்தலில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் வெள்ளி நைட்ரேட் வெளிச்சம் பட்டுக் கறுக்கும். தோலில் இருப்பது சில வாரத்தில் போய்விடும், நகத்தில் இருப்பது நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். ஆகவே இளைஞரைவிட முதியவர் ஒரு மாதம் கூடுதலாக அந்தக் கறையைச் சுமக்கிறார். 'ஏன்தான் இவருக்குப் போட்டோமோ' என்று விரலைப் பார்த்து வருத்தப்படவும் மூத்த குடிமக்களுக்கு ஒரு மாதம் சலுகை. ரயிலில் பறித்துக்கொண்டதை இங்கே கொடுத்திருக்கிறார்கள். (ரயில் கட்டணச் சலுகையை இந்தப் பக்கத்தில் மறுபடி இழுக்க மாட்டேன் என்று போன மாதம் வாக்குக் கொடுத்திருந்தேன். நானும் கொஞ்சம் அரசியல்வாதிதான்.)

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். நீளவாக்கில் விழும் வரிகள் பெரும்பாலும் வயசுதான். நெற்றியில் சுருக்கம் விழுகிற மாதிரி நகத்திலும் விழுகிறது. நகத்தின் வேர் முன்போல ஒரே சீராக நெய்து தள்ளுவதில்லை. அடியில் இருந்த வெள்ளைப் பிறையும் மெல்ல மறையும், நகம் காய்ந்து நுனியில் ஏடு ஏடாகப் பிரியும். குறுக்கே பள்ளமாக ஒரு கோடு விழுந்தால் அது வேறு கதை. கடும் காய்ச்சலோ பெரிய நோயோ வந்தபோது நகம் வளர்வதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்ததன் தடயம் அது. 1846-லேயே போ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் போல வளரும் என்பதால், கோடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் எந்த மாதம் படுத்தீர்கள் என்று சொல்லிவிடலாம். இது கைரேகை ஜோசியம் இல்லை, நடந்ததை மட்டும்தான் சொல்லும்.

கால் நகம் கை நகத்தின் பாதி வேகத்தில்கூட வளராது. மெதுவாக வருவதால் அடுக்கடுக்காகச் சேர்ந்து தடிக்கிறது. ஆயுசெல்லாம் செருப்பும் ஷூவும் கொடுத்த இடியும் சேர்ந்துகொள்ளும். சிலருக்கு ஆட்டுக் கொம்பு போலவே வளைந்துவிடும். கொம்பும் நகமும் ஒரே கெரட்டின் சரக்குதான். மஞ்சளோடு மாவு மாதிரி உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை இரண்டு வாரம் பூசிவிட்டு 'பலனில்லை' என்று எனக்கு எழுதாதீர்கள். கட்டைவிரலில் முழு நகம் புதுசாக வர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். ஒரே ஒரு நகத்தில் புதுசாகக் கறுப்புக் கோடு தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் ஓடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் நக ஓரத்தைத் தாங்களே நோண்டக் கூடாது. மற்றபடி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நேராக வெட்டினால் போதும்.

வெட்டுவது யார் என்பதுதான் சிக்கல். வயசானால் கால் நகம் தடிப்பதைவிட, அது நம்மைவிட்டுத் தூரமாகப் போய்விடுவதுதான் பெரிய கஷ்டம். முதுகு வளையாது, கண்ணாடி நழுவும், மூச்சு முட்டும். என் தாத்தாவுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மாதம் இரண்டு முறை நாவிதர் வீட்டுக்கே வருவார். சவரம் முடிந்ததும் தாத்தா காலைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சின்ன உளியால் நகம் எடுப்பார். திண்ணையில் ஊர்க்கதை ஓடும். அந்த மனிதருக்கு ஊர் கொடுத்தது வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் நெல், அதுவும் அளக்கும்போது முணுமுணுப்போடு. பாருங்கள், மறுபடி வெட்டிக்கே வந்துவிட்டோம். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது நியாயம். இன்று எங்கள் தெருவில் மூன்று சலூன் இருக்கிறது. தங்க ஃபேஷியல் வரை செய்கிறார்கள். கால் நகம் என்றதும் போன வாரம் ஒரு பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் நானே நாற்காலியில் குந்தி உட்கார்ந்து, பூட்டு உடைக்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்தினேன். நகவெட்டி இரண்டாகிவிட்டது. தெறித்த துண்டு மருமகள் ஆற வைத்திருந்த பாலுக்குப் பக்கத்தில் விழுந்தது. பக்கத்தில்தான் என்று நான் இன்றும் சாதிக்கிறேன்.

அப்புறம், தூய தமிழ்ப் புலவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, சங்கப் பாட்டில் புலிக்கு இருப்பது 'உகிர்' அல்லவா, 'நகம்' என்று எழுதலாமா என்று வழக்கம்போல நான்கு பக்கம் அனுப்புவார். ஐயா, உகிர் நல்ல சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'உகிர்வெட்டி கொடுங்கள்' என்று கேட்டால் கடைக்காரர் என்ன எடுத்துக் கொடுப்பார் என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கும்பகோணத்தாரே, ஒரு யோசனை. நீங்களும் வீட்டம்மாவும் ஒரே நாளில் பெருவிரலுக்கு மருதாணி வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய நகத்தில் சிவப்பு முதலில் நுனிக்குப் போய்ச் சேருகிறது என்று தேதியோடு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன். சன்மானம் கிடையாது.