ரெக்கவரி பார்ட்டிஷனைத் தொடாமல் விண்டோஸை மறுபடி போடுவது எப்படி?

வாசகர் கேள்வி: 2020-இல் வாங்கிய எச்பி லேப்டாப். வரும்போது விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் இருந்தது. பிறகு இலவசமாக 11-க்கு மாற்றிக்கொண்டேன். இப்போது ரொம்பவே மெதுவாகிவிட்டது. கடையில் கேட்டால், "ஃபுல் ஃபார்மேட் அடிச்சு புது ஓஎஸ் போட்டுடலாம் சார்" என்கிறார்கள். உள்ளே 'ரெக்கவரி' என்ற பெயரில் 14 ஜிபி அளவுக்கு டி டிரைவ் ஒன்று இருக்கிறது. அது போனால் ஒரிஜினல் விண்டோஸும் போய்விடுமா? அதை வைத்துக்கொண்டே நானே ஓஎஸ் போட முடியுமா? அந்த 14 ஜிபியால் எனக்கு உண்மையில் பயன் உண்டா?

பதில்:

உங்கள் ஒரிஜினல் விண்டோஸ் உரிமம் அந்த டி டிரைவில் இல்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் லேப்டாப்களில் ப்ராடக்ட் கீ மதர்போர்டின் பயாஸ் சிப்பிலேயே பதிந்து வருகிறது. டிஸ்க்கை முழுதாக அழித்தாலும், ஏன், எஸ்எஸ்டியையே கழற்றிப் புதிதாக மாட்டினாலும், இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் அந்தக் கீயைத் தானாகப் படித்துக்கொள்ளும். நெட் இணைப்பு கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரே நிபந்தனை, அதே எடிஷனாக இருக்க வேண்டும். உங்களுடையது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். கடையில் வழக்கமாகச் செய்வதுபோல 'ப்ரோ' எடிஷனைப் போட்டு கிராக் அடித்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய உரிமம் பயாஸில் சும்மா தூங்கும். நீங்கள் திருட்டு விண்டோஸில் வேலை பார்ப்பீர்கள். கடைக்குக் கொடுப்பதாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

இனி ரெக்கவரி விஷயம். விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி என்றால் அது 476.9 ஜிபியாகத் தெரியும். உங்கள் லேப்டாப் போன்றவற்றில் டிஸ்க் இடமிருந்து வலமாக இப்படிப் பல பார்ட்டிஷன்களாக, அதாவது துண்டுகளாகப் பிரிந்திருக்கும்: 260 எம்பி அளவில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (பூட் ஆவதற்கான ஃபைல்கள் இருக்கும் இடம்), அடுத்து பெரிய சி டிரைவ், அதன்பின் 600 எம்பியை ஒட்டி ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன், கடைசியில் 14 ஜிபி டி. இவற்றுக்கிடையே 16 எம்பியில் எம்எஸ்ஆர் என்று, விண்டோஸ் தனக்காக ஒதுக்கிக்கொள்ளும் ஒன்று உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, இன்ஸ்டால் திரையில்தான் தலைகாட்டும். இந்தத் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

'ரெக்கவரி' என்று பெயர் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சமாசாரம். 600 எம்பியில் இருப்பது மைக்ரோசாஃப்டின் விண்ஆர்ஈ. விண்டோஸ் பூட் ஆகாதபோது நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்', 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று வருகிறதே, அது இங்கிருந்துதான் ஓடுகிறது. ஃபேக்டரியில் போட்ட விண்டோஸ் இதற்குள் இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில் அது அடங்கவும் அடங்காது. 14 ஜிபி டி டிரைவில்தான் எச்பி வைத்த ஃபேக்டரி இமேஜ், அதாவது அந்த விண்டோஸின் முழு நகல் இருக்கிறது. ஆன் செய்தவுடன் எஃப் 11-ஐத் தட்டினால் அதை எடுத்து லேப்டாப்பை வாங்கிய நாளின் நிலைக்குக் கொண்டுபோகும். டெல்லில் 'இமேஜ்', அசுஸில் 'ரெஸ்டோர்' என்ற பெயர்களில் இதே மாதிரி பார்ட்டிஷன்களைப் பார்க்கலாம். பெயரைவிட அளவைப் பார்ப்பதுதான் எளிது. 1 ஜிபியை ஒட்டி இருந்தால் அது ரிப்பேர் கருவிகள் மட்டும். 10 ஜிபிக்கு மேல் என்றால் உள்ளே இமேஜ் இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. விண்டோஸ் 10-இலிருந்தே, செட்டிங்ஸில் இருக்கும் 'ரீசெட் பிசி' வசதிக்குத் தனி இமேஜ் தேவையில்லை. சி டிரைவில் ஏற்கெனவே இருக்கும் சிஸ்டம் ஃபைல்களை வைத்தே அது விண்டோஸைப் புதிதாகக் கட்டிவிடும். லேப்டாப் கம்பெனி சேர்த்த டிரைவர்களும் சாஃப்ட்வேர்களும் திரும்பி வருவதற்கான ஃபைல்கள் சி டிரைவுக்குள்ளேயே 'ரெக்கவரி' என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும். ஆக, பார்ட்டிஷனைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவிட்டு சி டிரைவை ஃபார்மேட் அடித்தால் அந்த ஃபோல்டரும் சேர்ந்தே போய்விடும். லேப்டாப் மெதுவாகிவிட்டது என்பதுதான் பிரச்சினை என்றால், பென் டிரைவைத் தேடும் முன் ரீசெட்டை முயன்று பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரெக்கவரி, அங்கே 'ரீசெட் பிசி'. 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்தால் ஃபைல்கள் எல்லாம் போய்ச் சுத்தமான விண்டோஸ் 11 வரும். 'லோக்கல் ரீஇன்ஸ்டால்', 'க்ளவுட் டவுன்லோட்' என்று இரண்டு வழி கேட்கும். சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் க்ளவுட். 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும். கவனிக்க வேண்டிய இடம் அதன்பின் வரும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்'. 'எல்லா டிரைவ்களிலும் அழிக்கவா?' என்று ஒரு கேள்வி அங்கே இருந்தால் 'வேண்டாம், விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டும் போதும்' என்பதாக விடுங்கள். டி பத்திரமாக இருக்கும்.

ரீசெட் பாதியில் நின்றுபோனால், அல்லது வைரஸ் பயம் இருந்தால், பென் டிரைவ் வழி. அதற்கு முன் செய்ய வேண்டியவைதான் உண்மையில் நேரம் பிடிக்கும்.

டேட்டாவை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாரும் நினைவாக எடுப்பார்கள். விட்டுப்போவது டேலி டேட்டா ஃபோல்டரும், அவுட்லுக்கின் பழைய மெயில் ஃபைலும், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களும்தான். அந்த எழுத்துருவில் அடித்த பழைய கல்யாணப் பத்திரிகையைப் பிறகு திறந்து பார்த்தால் இங்கிலீஷ் எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். லேப்டாப்போடு ஆபீஸ் வந்திருந்தால், அது எந்த மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடியில் பதிவானது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், கீ இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே உள்ளே போய் எடுத்து எழுதி வையுங்கள். சி டிரைவை ஃபார்மேட் அடிக்கக் கீ தேவைப்படாது. ஆனால் ஃபோட்டோக்களை வைக்க நீங்களாகப் பிரித்த தனி டிரைவ் ஏதாவது இருந்து அதுவும் பூட்டப்பட்டிருந்தால், புது விண்டோஸ் அதைத் திறக்கக் கீ கேட்கும். இல்லை என்றால் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது.

மூன்றாவது, ரெக்கவரி பார்ட்டிஷனுக்கே ஒரு நகல். பார்ட்டிஷன் என்பது அதே எஸ்எஸ்டியின் ஒரு துண்டுதானே, எஸ்எஸ்டி செத்தால் அதுவும் கூடவே சாகும். டி டிரைவில் உள்ளவற்றை காப்பி–பேஸ்ட் செய்து வைத்தால் அதிலிருந்து பூட் ஆகாது. எச்பியின் க்ளவுட் ரெக்கவரி டூலில் உங்கள் ப்ராடக்ட் எண்ணைக் கொடுத்து 32 ஜிபி பென் டிரைவில் இறக்கிக்கொள்ளலாம். பழைய மாடல்களுக்கு அது எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். உங்கள் மாடலுக்கு இல்லை என்றால், க்ளோன்ஸில்லா என்ற இலவச சாஃப்ட்வேரால் முழு டிஸ்க்கையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இமேஜாக எடுத்துவிடுங்கள். டெல், லெனோவாவும் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணைக் கொடுத்தால் ரெக்கவரியை டவுன்லோட் செய்யத் தருகின்றன.

பிறகு, குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் விண்டோஸ் 11-ஐ ஏற்றுங்கள். எச்பி தளத்திலிருந்து வைஃபை டிரைவரையும் இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரையும் எடுத்து, பிரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

இப்போது வேலை. லேப்டாப்பை ஆன் செய்து எஃப் 9 தட்டினால் பூட் மெனு வரும் (டெல், லெனோவாவில் எஃப் 12, அசுஸில் எஸ்கேப்). பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தெரிந்தால் யூஈஎஃப்ஐ (UEFI) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழி, கீபோர்டு கேட்கும். அண்மைய விண்டோஸ் 11 இன்ஸ்டாலரில், 'ஃபைல்கள், ஆப்கள், செட்டிங்ஸ் எல்லாம் அழிக்கப்படும், சம்மதம்' என்று ஒரு டிக் போடச் சொல்வார்கள். டிஸ்க் முழுவதும் அந்த நிமிடமே போய்விடும் என்று பலர் பயந்து இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். டிக் போட்டாலும் எந்த பார்ட்டிஷன் என்று கேட்காமல் எதுவும் அழியாது.

அந்தத் திரையில்தான் எல்லாம் இருக்கிறது. பார்ட்டிஷன் 1, 260 எம்பி, சிஸ்டம். பார்ட்டிஷன் 2, 16 எம்பி, எம்எஸ்ஆர். பார்ட்டிஷன் 3, 460 ஜிபி வாக்கில், ப்ரைமரி. அதன் கீழே ரெக்கவரி இரண்டும். சி, டி என்ற எழுத்துகள் இங்கே தெரியாது. மொபைலில் எடுத்த படத்தோடு அளவை ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். 460 ஜிபி வரியை மட்டும் தேர்ந்தெடுத்து 'ஃபார்மேட் பார்ட்டிஷன்' கொடுங்கள். முடிந்ததும் அதே வரியைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்'. மற்ற வரிகளில் மவுஸ் படவே வேண்டாம்.

'டெலீட்' கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அந்த இடம் காலியிடமாகும். இன்ஸ்டாலர் அதற்குள் தன் இஷ்டத்துக்குப் புது பார்ட்டிஷன்களைப் போட்டுக்கொள்ளலாம். ஆபத்தில்லை, ஆனால் வரிசை மாறிவிடும். நான் ஃபார்மேட்டைத்தான் விரும்புவேன். 260 எம்பி சிஸ்டம் பார்ட்டிஷன் சின்னதுதானே என்று அதையும் அழிப்பவர்கள் உண்டு. பூட் ஃபைல்களைத் தவிர, எஃப் 2 அழுத்தினால் வரும் எச்பி ஹார்டுவேர் பரிசோதனைக் கருவியும் பல மாடல்களில் அதற்குள்தான் இருக்கிறது.

பார்ட்டிஷன் பட்டியலே வராமல் டிஸ்க்கே இல்லை என்று சொன்னால் எஸ்எஸ்டி போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி வசதி ஆன் ஆகியிருக்கும் லேப்டாப்களில், குறிப்பாக 11-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து வந்தவற்றில், இது சகஜம். 'லோட் டிரைவர்' கொடுத்து, எடுத்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவர் ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரியும். அதேபோல் ஹோம் எடிஷன் செட்அப் நெட் இல்லாமல் நகராது. வைஃபை வரவில்லை என்றால் மொபைலை கேபிளில் மாட்டி யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், போதும்.

டெஸ்க்டாப் வந்ததும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'ரீஏஜென்ட்சி' கட்டளையை 'இன்ஃபோ' சுவிட்சோடு (reagentc /info) கொடுங்கள். முதல் வரியில் 'எனேபிள்டு' என்று இருக்க வேண்டும். அடுத்த வரியில் விண்ஆர்ஈ எந்த பார்ட்டிஷனில் இருக்கிறது என்பதும் எண்ணோடு தெரியும். 'டிசேபிள்டு' என்றால் அதே கட்டளையை 'எனேபிள்' சுவிட்சோடு (reagentc /enable) கொடுங்கள். சில நேரம், பழைய 600 எம்பியில் இடம் போதாமல் விண்டோஸ் சி டிரைவின் ஓரத்தைச் சுருக்கித் தனக்கென்று புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்போது இரண்டு சின்ன ரெக்கவரி பார்ட்டிஷன்கள் தெரியும்; பழையது சும்மா கிடக்கும். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்த இடப் பற்றாக்குறை சின்ன விஷயமில்லை: 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டுக்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டு, அது இல்லாத ஏராளமான கம்ப்யூட்டர்களில் இன்ஸ்டால் ஆகாமல் அடம்பிடித்தது.

டி டிரைவ் முன்போலவே ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தெரிந்து, சிவப்புப் பட்டையோடு இடமில்லை என்று பயமுறுத்தினால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன் டிரைவ் எழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பதை அழித்து இடம் பண்ண முயல வேண்டாம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றும் அந்த டி டிரைவில் இருப்பது நீங்கள் வாங்கியபோது இருந்த விண்டோஸ் 10. எஃப் 11 வேலை செய்தாலும் அதுதான் வரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மறுபடியும் 11-க்கு ஏற்ற வேண்டியிருக்கும். எச்பி கொடுத்த பழைய டிரைவர்களும் ஆடியோ சாஃப்ட்வேரும் அப்படியே வேண்டும் என்றால்தான் அதற்கு மதிப்பு. பென் டிரைவிலோ க்ளோன்ஸில்லா இமேஜிலோ நகல் கையில் இருந்தால் டி டிரைவை நீக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த இடம் சி டிரைவோடு நேராகச் சேராது, நடுவில் 600 எம்பி விண்ஆர்ஈ குறுக்கே நிற்கிறது. அதை நகர்த்த மூன்றாம் தரப்பு பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் வேண்டும். நகர்த்தும்போது கரண்ட் போனால் பூட்டே போகலாம். மொத்தத்தில் கிடைக்கப்போவது டிஸ்க்கில் 3 சதவீதம். அதற்கு நான் கை வைக்க மாட்டேன்.