வாசகர் கேள்வி: சனியும் செவ்வாயும் கைப்பக்குவமும்

கேள்வி: மகளின் பள்ளிப் புராஜெக்டுக்காகத் தெர்மாகோல் பந்தில் சனிக்கிரகம் செய்தோம். ஸ்ப்ரே பெயின்ட் அடித்ததும் பந்து குழிகுழியாகிவிட்டது. சார்ட் அட்டை வளையமும் தொங்குகிறது. என்ன செய்வது?
- வாசகி, தேனி

பதில்: ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், ரப்பர் பசையும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே இதற்குத் தோது. வண்ணத்துக்கு முன், சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் டிஷ்யூ தாளை ஒரு சுற்று ஒட்டிக் காயவிட்டால் பந்தின் மணிமணியான தோல் மறையும்.

பந்து 8 செ.மீ. போதும். 10 செ.மீ. என்றால் வளையம் 23 செ.மீ.க்குப் பக்கம் போகும், ஏ4 ஷீட்டில் அடங்காது. பந்தைப் புது பிளேடால் பாதியாக அறுத்து (இது பெரியவர்கள் வேலை), இரண்டு வெட்டுமுகத்தையும் 4 மி.மீ. வீதம் உப்புத்தாளில் தேயுங்கள். பத்தரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகச் சுழலும் சனி, துருவங்களில் பத்தில் ஒரு பங்கு அமுங்கியிருக்கிறது. முழு உருண்டையாக வைத்தால் அது சனியே இல்லை!

வளையத்துக்கு ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்). வெள்ளைத்தாளில் ஒரே மையத்திலிருந்து 5, 6.1, 7.8, 8.1, 9.1 செ.மீ. ஆரத்தில் ஐந்து வட்டம் போட்டு, ஷீட்டை மேலே வையுங்கள். 5 வரை வண்ணமே வேண்டாம். கோளுக்கும் வளையத்துக்கும் நடுவே காலியிடமாகத் தெரியும். அடுத்தது மங்கிய சாம்பல், அதற்கடுத்தது பளிச்சென்ற சந்தன நிறம். 7.8-க்கும் 8.1-க்கும் நடுவே உள்ள 3 மி.மீ.யையும் விட்டுவிடுங்கள், அதுதான் சனியின் வளையத்தில் காசினி இடைவெளி என்று சொல்லப்படும் பிளவு. கடைசிப் பட்டை கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும். தாளையும் ஷீட்டையும் சேர்த்து மையத்தில் குண்டூசி குத்தி, தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் சுழற்றினால் கோடு பிசகாது. போஸ்டர் கலர் காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிரும்.

காய்ந்தபின் 9.1 வட்டத்தில் வெட்டுங்கள். நடுவில் ஓட்டை போடாமல், பாதிப் பந்துகளை இருபுறமும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, மூங்கில் குச்சியை மூன்றிலும் ஊடுருவச் செருகுங்கள். ஃபெவிகால் ஷீட்டில் பிடிக்காது. குச்சியைச் செங்குத்திலிருந்து 27 பாகை சாய்த்து நிறுத்துங்கள்.

கேள்வி: பழைய சிடியை வளையமாக்கலாமா?
- வாசகர், கரூர்

பதில்: தாராளமாக. சிடி 12 செ.மீ., பந்து 5 செ.மீ. அளவு கிட்டத்தட்ட சரியாகவே வரும். காசினியை மார்க்கரால் கறுப்பாக இழுத்துவிடுங்கள்.

கேள்வி: பலூன் மேல் தாள் ஒட்டிச் செய்த செவ்வாய், காலையில் பார்த்தால் ஒடுங்கிக் கிடக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: உள்ளே ஈரம் இருக்கும்போதே பலூனில் காற்று இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்தபின் அடுத்ததை ஒட்டி, நான்கு அடுக்கு ஏற்றுங்கள். வெயிலில் வைத்தால் பலூன் உப்பித் தாள் விரியும். ஃபேன் காற்று போதும். பாதிதான் ஊதுங்கள், முழுக்க ஊதினால் பேரிக்காய் வடிவம் வரும். மைதாப் பசையைக் கரப்பான் கடிக்கும். வண்ணத்துக்குக் கோலக் காவியே போதும்: செவ்வாயின் சிவப்பும் காவியின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். ஃபெவிகால் கலந்து பூசுங்கள், இல்லாவிட்டால் கையோடு வந்துவிடும்.