பஞ்ச் அவுட் செய்த பிறகும் வேலை வாங்குகிறார்: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ஒரு கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து பஞ்ச் அவுட் செய்த (வருகைப் பதிவு மெஷினில் வேலை முடிந்த நேரத்தைப் பதிந்த) பிறகு மேலாளர், "பத்து நிமிஷம்தான், இந்த ஸ்டாக்கை அடுக்கிட்டுப் போங்க" என்கிறார். அது அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. சம்பளத்தில் சேர்வதில்லை. மறுத்தால் ஷிப்ட்டைக் குறைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: வேலையை மறுக்க வேண்டாம். கணக்கில் வராமல் செய்வதை மட்டும் மறுங்கள்.

அடுத்த முறை கேட்கும்போது, "சரி சார், மறுபடி பஞ்ச் இன் பண்ணிட்டு வந்து செஞ்சிடறேன்" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் நடங்கள். கோபமும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஓவர்டைம் செலவைக் குறைக்கச் சொல்லி அவருக்கும் மேலிடத்து நெருக்கடி இருக்கலாம். நேரம் பதிவானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால், பல மேலாளர்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். "பஞ்ச் எல்லாம் வேண்டாம்" என்றால், "அப்ப நாளைக்கு வந்ததும் முதல் வேலையா இதை முடிச்சிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை, இப்போதே செய்தாக வேண்டும் என்கிறாரா? செய்துவிட்டு அன்று இரவே ஒரு மெசேஜ் போடுங்கள்: "சார், நீங்க சொன்னபடி 8.00 மணிக்கு பஞ்ச் அவுட் செஞ்ச பிறகு 8.35 வரை ஸ்டாக் அடுக்கினேன். இந்த 35 நிமிஷத்தையும் இன்னிக்குக் கணக்குல சேர்த்துடுங்க." யார் சொன்னது, என்ன வேலை, எத்தனை மணி வரை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அவர் பதில் போடாவிட்டாலும் அது உங்கள் கையில் உள்ள ஆதாரம். ஒரு சிறு நோட்டிலும் அன்றன்றே எழுதி வையுங்கள். கடையின் கணக்குகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ போட்டோ எடுத்து வைக்காதீர்கள், அது உங்களுக்கே வினையாகும்.

"பத்து நிமிஷம்தானே" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். கலிபோர்னியாவில் ஒரு காபிக் கடை ஊழியர், பஞ்ச் அவுட் செய்த பிறகு அன்றைய விற்பனைக் கணக்கை அனுப்பி, அலாரம் போட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போவார். நாளுக்கு 4 முதல் 10 நிமிடம். 17 மாதத்தில் அது 12 மணி 50 நிமிடம் ஆனது. தொகை 102 டாலர்தான். ஆனாலும், வழக்கமாக நடக்கும் வேலைக்கு அந்தச் சில நிமிடங்களின் சம்பளத்தையும் தள்ளிவிட முடியாது என்று 2018இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆனால் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்பது பழைய உரிமை. 1919இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி என்றது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இரு மடங்கு என்றது. மேற்பார்வைப் பதவி என்றால் சில நாடுகளில் ஓவர்டைம் கிடையாது, உங்கள் நியமனக் கடிதத்தைப் பாருங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்த அரை மணி நேரத்தில் ஏணியிலிருந்து விழுந்து கை ஒடிந்தால், பதிவேட்டின்படி நீங்கள் வேலையிலேயே இல்லை. இழப்பீடு கேட்கும்போது, வேலையில்தான் இருந்தேன் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். மேலாளரிடம் தனியாகப் பேசும்போது இதையே சொல்லுங்கள். பணம் என்றால் முகம் சுளிப்பவர்கள்கூட இதைக் கேட்பார்கள்.

ஷிப்ட் குறையும் பயம் நியாயமானதுதான். அதனால் இப்போதைய ஷிப்ட் அட்டவணையையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள், பின்னால் குறைத்தால் வித்தியாசம் தெரியும். உடன் வேலை செய்பவர்களுக்கும் இதே கதை என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சங்கம் இருந்தால் இன்னும் நல்லது. அங்கும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம்தான். பழைய பாக்கியைக் கேட்கக் காலக்கெடு உண்டு என்பதால், அந்த அலுவலகத்தில் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.