1,500 மணி நேரம் பறந்தால்தான் வேலையா?
தம்பி, சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கியாச்சு, 210 மணி நேரம்தான் பறந்திருக்கிறேன், ஏர்லைன் வேலைக்காக 1,500 ஆகும்வரை சொந்தக் காசில் செஸ்னா சிறு விமானம் ஓட்டணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அது அமெரிக்க விதி. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2013-இல் துணை விமானிக்கும் கட்டாயமாக்கினார்கள். இத்தனைக்கும் அந்த இரண்டு விமானிகளுமே 2,000 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்; வேகம் குறைந்து, அதை எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் கட்டுப்பாட்டுத் தண்டை உதறியபோது, விமானத்தின் மூக்கை இறக்காமல் கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்ததுதான் வினை. இந்தியாவில் சிபிஎல்லுக்கு 200 போதும், 1,500 என்பது ஏடிபிஎல் என்ற மேல்நிலை உரிமத்துக்கு, அதாவது பின்னால் கேப்டன் ஆகும்போது. சரி, இருக்கிற பணத்தை டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதிக்கு) வையுங்கள், அதுவும் ஏர்லைன் விளம்பரத்தில் எந்த விமானம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு. அப்புறம், ஐஆர் (கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதி) காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக மட்டும் பறந்தால் தப்பில்லை.