முடிவில்லாத ஒளியைக் கேட்கும் சிறுவன்

கேள்வி: கல்லறைத் திருநாளுக்காக எங்கள் பங்கு ஆலயப் பாடகர் குழு 'பியே யேசு' என்ற லத்தீன் பாடலைப் பழகி வருகிறது. இதை இயற்றியவர் மேடை இசை நாடகங்களுக்குப் பெயர் பெற்றவர் என்கிறார்கள். அவர் இறந்தோருக்கான திருப்பலி இசையை எழுதியது எப்படி? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: நீங்கள் பழகும் பாடல், பிரிட்டன் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெபர் இறந்தோர் திருப்பலிப் பாடத்துக்கு இசையமைத்த 'ரெக்வியம்' என்ற பெரிய படைப்பின் ஒரு பகுதி. இயேசுவின் கடைசி நாட்களை ராக் இசையில் சொன்ன நாடகத்தாலும், 'எவிட்டா', 'கேட்ஸ்' ஆகியவற்றாலும் அவர் அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்தார். பின்னாளில் ஏ.ஆர். ரகுமானை 'பாம்பே ட்ரீம்ஸ்' வழியாக லண்டன் மேடைக்கு அழைத்துச் சென்றவரும் இவரே.

இவருடைய தந்தை வில்லியம் லாயிட் வெபர் ஆலய ஆர்கன் கலைஞர், இசையமைப்பாளர், லண்டன் இசைக் கல்லூரியின் தலைவர். தம்முடைய இனிய, பழைய பாணி இசைக்கு அந்தக் காலத்தில் இடமில்லை என்று உணர்ந்து, பல ஆண்டுகள் இயற்றுவதையே ஏறத்தாழ நிறுத்தி வைத்திருந்தவர். அவர் 1982-இல் மறைந்தபோது, மகன் தந்தைக்குச் செலுத்த நினைத்த அஞ்சலி ஆலய இசையின் வடிவத்தை எடுத்ததில் வியப்பில்லை. அதோடு கம்போடியாவிலிருந்து வந்த ஒரு செய்தியும் அவரை உலுக்கியது. சொந்தச் சகோதரியைக் கொல், இல்லையேல் நீ சாவாய் என்று கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய செய்தி அது. இந்த இசையில் ஒரு சிறுவன், ஒரு பெண், ஓர் ஆண் என மூன்று தனிக்குரல்கள் அமைந்ததற்கும், அவற்றுள் சிறுவனின் குரலுக்கே கடைசிச் சொல் கொடுக்கப்பட்டதற்கும் அந்தச் செய்தியே வேர் என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், உங்கள் பாடலின் மென்மை வேறுவிதமாக ஒலிக்கும்.

1985 பிப்ரவரி 24 அன்று, நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில் உள்ள புனித தோமா ஆலயத்தில் இசைக்குழு நடத்துநர் லோரின் மாஸெல் இதை முதன்முதலாக நடத்தினார். டெனர் எனப்படும் உயர் ஆண்குரல் பகுதியைப் பிளாசிடோ டொமிங்கோவும், சொப்ரானோ எனப்படும் உயர் பெண்குரல் பகுதியைச் சாரா பிரைட்மனும், சிறுவனின் பகுதியை வின்செஸ்டர் பேராலயப் பாடகர் குழுவைச் சேர்ந்த பால் மைல்ஸ்-கிங்ஸ்டனும் பாடினார்கள்.

கேள்வி: லாயிட் வெபரின் 'ரெக்வியம்' வழிபாட்டு இசையே அன்று, மேடை நாடகத்தின் நீட்சி என்று சிலர் குறை கூறுகிறார்களே? (ஒரு வாசகர், கோவை)

பதில்: இந்தக் குறை புதியதன்று. 1874-இல் இத்தாலிய இசை நாடக மேதை வெர்டி தம் ரெக்வியத்தை மிலான் நகரின் சான் மார்க்கோ ஆலயத்தில் அரங்கேற்றியபோது, அது திருச்சபை உடை போர்த்திய ஓப்பரா (மேடை இசை நாடகம்) என்று ஜெர்மானிய இசைக்குழு நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு வெர்டியிடம் மன்னிப்பும் கேட்டார். இறந்தோர் திருப்பலியின் பழைய லத்தீன் பாடமே நாடகத் தன்மை கொண்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இறுதித் தீர்ப்பு நாளைப் பாடும் 'தியெஸ் ஈரே'யில் எக்காளம் முழங்குகிறது, கல்லறைகள் திறக்கின்றன, ஏட்டில் எழுதப்பட்டவை வாசிக்கப்படுகின்றன. அச்சத்தையே மிகுதியாக உணர்த்துகிறது என்ற எண்ணத்தில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய சீர்திருத்தத்தில் அது அடக்கத் திருப்பலியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே இன்று இசையரங்குகளில்தான் அதை மிகுதியாகக் கேட்கிறோம். அந்தப் பாடத்துக்கு இசையமைப்பவர் நாடகத்தை விலக்க முடியாது. அந்த நாடகத்தை உண்மையாக உணர்ந்து எழுதினாரா என்பதே கேட்கத் தக்க கேள்வி.

என் மதிப்பீட்டில் இந்தப் படைப்பு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. தாளக் கருவிகளோடு துள்ளும் 'ஓசன்னா' பகுதி தனியாகக் கேட்க மகிழ்ச்சி தந்தாலும், சுற்றியுள்ள துயரத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. ஆனால் முடிவைக் கேளுங்கள். நம் ஆலயங்களில் இறந்தோருக்காக, "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்கள் மேல் ஒளிர்வதாக" என்று மன்றாடுகிறோம் அல்லவா? அந்த லத்தீன் மன்றாட்டின் முதற்சொல்லே 'ரெக்வியம்', அதாவது இளைப்பாற்றி. 'முடிவில்லாத' என்பதற்கு அதில் உள்ள சொல் 'பெர்பெத்துவா'. இறுதியில் ஆர்கன் வெடித்துக் குமுறி ஓய்ந்த பிறகு, சிறுவன் தனியாக அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பாடுகிறான். ஒளி என்ற சொல் உதிர்ந்துவிட, 'முடிவில்லாத' என்பது மட்டும் எஞ்சுகிறது. அவன் கேட்பது முடிவில்லாத ஒளியையா, அல்லது கம்போடியாவில் அந்தச் சிறுவன் கண்ட முடிவில்லாத துயரத்தையே சொல்கிறானா என்பதை இசை சொல்வதில்லை. கைதட்டலை எதிர்பார்க்கும் மேடைக்காரர் இப்படி முடிக்கமாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: எங்கள் குழுவில் அவ்வளவு உயரம் தொடும் சிறுவர் இல்லை. 'பியே யேசு'வை இரண்டு பெண்கள் பாடலாமா? (அதே தூத்துக்குடி வாசகி)

பதில்: தாராளமாகப் பாடலாம். 1985-இல் பிரிட்டனின் தனிப்பாடல் விற்பனை வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறிய இந்தப் பாடலை அதன்பின் பலவிதமான குரல்கள் பாடியிருக்கின்றன. ஆயினும் இரண்டு குரல்களும் ஒன்றுபோல் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பெண் தனியே பாடுகிறாள். அதே மெட்டைக் குழந்தை தனியே பாடுகிறது. அதன் பின்னரே இருவரும் சேர்கிறார்கள். 'இரக்கமுள்ள இயேசுவே' என்ற அழைப்போடு, 'உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே' என்னும் மன்றாட்டையும் இசையமைப்பாளர் இதில் இணைத்திருப்பதால், வளர்ந்த ஒருவரின் மன்றாட்டும் குழந்தையின் மன்றாட்டும் வேறுவேறாகக் கேட்டால்தான் பாடல் நிறைவு பெறும். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தேடிப் பாருங்கள். குரலை நடுங்கவிடாமல் நேராகப் பிடிக்கத் தெரிந்தால் போதும். உச்ச சுரம் எட்டவில்லையென்றால் பாடல் முழுவதையும் ஒரு சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். லத்தீன் சொற்களின் பொருளை அவளுக்குத் தமிழில் முதலில் சொல்லிக் கொடுங்கள். மெட்டு அதன் பிறகு எளிதாக வந்துவிடும்.