குரல் தனியாக நன்றாக இருக்கிறது, பாட்டில் காணோமே?

கேள்வி: படுக்கையறையில் கண்டென்சர் மைக் வைத்துப் பாடிப் பதிவு செய்கிறேன். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஈக்வலைசரில் மேல்பக்கத்தை ஏற்றினால் தெளிவு வருகிறது, கூடவே காதையும் குத்துகிறது. குரலைத் தனியாகக் கேட்டுச் சரிசெய்து வைத்தாலும் இசையோடு சேர்ந்ததும் அமுங்கிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: தனியாகக் கேட்டுச் சரிசெய்வதில்தான். சோலோவில், அதாவது மற்ற இசையை அடக்கிவிட்டுக் குரலை மட்டும் கேட்கும்போது குரல் கனமாக, நிறைவாக இருக்க வேண்டும் என்று மனம் விரும்பும். அந்தக் கனம் பெரும்பாலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. கிட்டார், கீபோர்டு, பேஸின் மேல்பகுதி எல்லாம் குடியிருப்பதும் அதே இடத்தில்தான். எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது அங்கே நெரிசல் ஏற்பட்டு, சொற்கள் மூழ்கிவிடுகின்றன. ஈக்யூ (ஈக்வலைசர், அதாவது ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் ஏற்றி இறக்கும் கருவி) முடிவுகளை முழுப் பாட்டும் ஓடும்போது எடுங்கள். சோலோ பட்டன், மூச்சுச் சத்தமோ மின் இரைச்சலோ எங்கிருந்து வருகிறது என்று தேட மட்டும் இருக்கட்டும்.

அடுத்து அந்த டப்பாச் சத்தம். ஈக்யூவைத் தொடுவதற்கு முன் அறையைப் பாருங்கள். சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டியிருக்கிறீர்களா? அது மேல் அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். 300, 400 ஹெர்ட்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் சுவரில் மோதித் திரும்பி வரும். அறை அமைதியானதுபோலத் தோன்றும், குரலோ இன்னும் டப்பாவாகும். இன்னொன்று: பலரும் மைக்கின் பின்னால்தான் ஃபோம் வைக்கிறார்கள். முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்டு வகை மைக் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகத்தான் எடுக்கும். அதன் முகம் பார்த்திருப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். தடிமனான போர்வைகளை அங்கே, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுங்கள்.

மேஜை பக்கத்தில் இருந்தால் அதுவும் வேலையைக் காட்டும். மேஜையில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட 34 சென்டிமீட்டர் அதிகம் பயணித்தால் ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் தாமதமாக மைக்கை அடையும். அப்போது இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று அடக்கி, 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒலி தேய்ந்துபோகும். நீங்கள் தலையை அசைத்தால் அந்தப் பள்ளங்களும் நகரும். ஈக்யூவை வைத்து எதை நிரப்புவீர்கள்?

சரி, பதிவு ஓரளவு சுத்தமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஹை பாஸ் ஃபில்டர், அதாவது குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி. ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100க்கு மேல் என்று தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். குரல் மெலிவது தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்குங்கள். மைக்குக்கு மிக நெருங்கிப் பாடியிருந்தால் அடிப்பகுதி தானாகவே வீங்கும். அடுத்த முறை 15, 20 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

பிறகு 250 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்தில், கியூவை (எவ்வளவு அகலமான பகுதியைத் தொடுகிறோம் என்பதைக் குறிக்கும் எண்; சிறிதானால் அகலம் கூடும்) 1 அல்லது 1.5 என அகலமாக வைத்து, 2 முதல் 4 டெசிபல் குறையுங்கள். எந்த இடம் என்று கண்டுபிடிக்க, குறுகலான பெல்லை (ஓரிடத்தை மட்டும் மணி வடிவில் ஏற்றும் ஈக்யூ வளைவு) 12 டெசிபல் ஏற்றி அங்குமிங்கும் இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அப்படி ஏற்றினால் எந்த அதிர்வெண்ணும் அசிங்கமாகத்தான் கேட்கும். குற்றமே செய்யாத இடத்தையெல்லாம் வெட்டித் தள்ளிவிடுவீர்கள். மிதமாகக் குறைத்து, பைபாஸ் போட்டு (ஈக்யூவைத் தற்காலிகமாக அணைத்து) ஒப்பிடுவதே போதும்.

இந்தக் கலங்கல் நீங்கினாலே மேல்பகுதி வெளியே தெரியும். உங்கள் காதைக் குத்தியது அநேகமாக 2.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் பகுதி அது. பல கண்டென்சர் மைக்குகள் அதற்குச் சற்று மேலேயும் ஏற்கெனவே ஏற்றித்தான் கொடுக்கின்றன. இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் 10 கிலோஹெர்ட்ஸில் ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒருசேர ஏற்றும் ஈக்யூ) வைத்து 2 டெசிபல் கொடுங்கள். 'ஸ', 'ஷ' மட்டும் சீறினால் அது டி-எஸ்ஸரின் (சீறும் ஒலி வரும்போது மட்டும் அதை அடக்கும் கருவி) வேலை; அந்த எழுத்துகளுக்காகப் பாட்டு முழுவதையும் மங்கலாக்க வேண்டாம்.

அப்படியும் குரல் முன்னே வரவில்லையா? குரலை விட்டுவிட்டு, கீபோர்டிலும் கிட்டாரிலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள்.

ஒப்பிடும்போது ஒரு ஏமாற்று வேலை நடக்கும். பூஸ்ட் செய்தால் ஒலியளவும் கூடும், சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று சொல்லும். அதனால் ஈக்யூவின் அவுட்புட் அளவைச் சரிசெய்து, போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் வரும்படி வைத்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். மெதுவான சத்தத்தில் அடிப்பகுதி குறைவாகக் கேட்கும் என்பதை ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே மிக்ஸ் செய்யும் நேரம் முழுவதும் ஸ்பீக்கர் அளவை ஒரே இடத்தில் வைப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சில சொற்கள் மட்டும், குறிப்பாக வரியின் கடைசிச் சொற்கள், அமுங்கினால் அது ஈக்யூ பிரச்சினையே அல்ல. அந்த இடங்களில் ஒலியளவைக் கையால் ஏற்றுங்கள், அப்புறம் கம்பிரசரைப் (உரத்த இடங்களை அடக்கி ஒலியளவைச் சமப்படுத்தும் கருவி) பாருங்கள்.